ஹாலே நகரில் முதல் சில நாட்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனியின் ஹாலே நகரில் இரண்டு வருடம் முதுகலை படித்தேன். ஆகஸ்ட் பிறந்தால் போதும், சேர்க்கைக் கடிதம் வாங்கிய பிள்ளைகள் யார் மூலமாவது என் எண்ணைப் பிடித்துவிடுவார்கள். கேள்விகள் அநேகமாக ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் குரல் பதிவு அனுப்பித் தொண்டை கட்டியதுதான் மிச்சம், அதனால் எழுதியே வைக்கிறேன். தொகைகள் வருடத்துக்கு வருடம் மாறும். விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது தூதரகத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

ஹாலே எங்கே இருக்கிறது? டிக்கெட் எடுக்கும் தளத்தில் இரண்டு மூன்று ஹாலே வருகிறதே?

ஆமாம், கவனம். நமக்கு வேண்டியது ஸாலே நதிக்கரையில் இருக்கும் ஹாலே. ரயில் டிக்கெட்டில் "ஹாலே (ஸாலே)" என்று அடைப்புக்குறியோடு இருக்கும். வெஸ்ட்பாலியாவில் இன்னொரு ஹாலே உண்டு, டென்னிஸ் போட்டிக்குப் பேர் போன ஊர். பெல்ஜியத்திலும் ஒன்று. என்னோடு படித்த ஒருவர் டென்னிஸ் ஊருக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, ரயில் மேற்கே போவதை வரைபடத்தில் பார்த்த பிறகுதான் விழித்துக்கொண்டார்.

நம் ஹாலே சாக்சனி-அன்ஹால்ட் மாநிலத்தில் இருக்கிறது. மக்கள்தொகை இரண்டரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. உப்பு காய்ச்சி வளர்ந்த ஊர். பல்கலைக்கழகம் 1694இல் தொடங்கியது, 1817இல் விட்டன்பெர்க் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. பக்கத்துப் பெருநகரம் லைப்சிக், உள்ளூர் ரயிலில் அரை மணிக்குச் சற்று மேல்.

எப்படி வந்து சேர்வது நல்லது?

சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட், அங்கிருந்து எர்ஃபுர்ட் வழியாக ரயில். பெர்லினில் இறங்கினால் விரைவு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம்தான். எப்படி வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்காதீர்கள். அன்று கடைகள் பூட்டியிருக்கும், விடுதிச் சாவி கொடுக்கிறவரும் இருக்கமாட்டார். அக்டோபர் 3 ஜெர்மனி ஒன்றிணைந்த நாள், நாடு முழுக்க விடுமுறை. அக்டோபர் 31 சீர்திருத்தத் திருநாள், இந்த மாநிலத்தில் அதுவும் விடுமுறை. இந்த இரண்டு தேதிகளைப் பார்த்துக்கொண்டு பயணத்தைத் திட்டமிடுங்கள்.

வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை எது? வங்கியா, சிம் கார்டா, பல்கலைக்கழகமா?

மூன்றும் இல்லை. அஞ்சல்பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இங்கே அடுக்குமாடிகளில் பெரும்பாலும் "3ஆம் மாடி, 12ஆம் எண்" என்றெல்லாம் வீட்டு எண் கிடையாது. தெருப் பெயர், கட்டட எண், அவ்வளவுதான். அதற்கு மேல் தபால்காரருக்கு வழிகாட்டுவது பெட்டியிலும் அழைப்பு மணியிலும் இருக்கும் பெயர் மட்டுமே. பெயர் இல்லையென்றால் அப்படி ஒரு ஆள் அங்கே இல்லை என்று கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். பக்கத்து வீட்டில் விசாரிக்கிற வழக்கமெல்லாம் இல்லை.

எனக்கு இது பதினெட்டாம் நாள்தான் புரிந்தது. வங்கி அட்டை ஒரு கடிதத்தில், ரகசிய எண் இன்னொரு கடிதத்தில் வர வேண்டும். அட்டை வந்துவிட்டது, என் வீட்டுத்தோழி பேருக்கு வந்த கத்தையோடு எப்படியோ சேர்ந்து வந்திருந்தது. எண் வரவில்லை. வங்கிக்குப் போய்க் கேட்டால், "அனுப்பினோம், முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பிவிட்டது" என்கிறார்கள். அந்த முகவரியில் ஆள் இதோ நிற்கிறேனே அம்மா என்று சொல்ல ஜெர்மன் வரவில்லை. வீட்டுக்கு வந்து, நோட்டுத்தாளைக் கிழித்துப் பெயரெழுதி, செலோடேப் போட்டு ஒட்டினேன். அடுத்த வாரம் மூன்று கடிதங்கள்!

ஒட்டும்போது பாஸ்போர்ட்டில் இருக்கும் குடும்பப்பெயரை எழுதுங்கள், செல்லப்பெயரை அல்ல.

குடும்பப்பெயர் என்றால்? எனக்கு இனிஷியல்தானே இருக்கிறது?

நம் எல்லோருக்கும் உள்ள தலைவலி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப்பெயர் கட்டத்தில் இருந்தால், இந்த நாட்டுக்கு நீங்கள் அந்தப் பெயர்தான். பெண்ணாக இருந்தாலும் அப்பா பெயருக்கு முன்னால் "ஃப்ராவ்" (நம் "திருமதி" மாதிரி) போட்டுத்தான் கூப்பிடுவார்கள். முதல் தடவை காத்திருப்பு அறையில் அப்படிக் கூப்பிட்டபோது, அப்பா எங்கே வந்தார் என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருப்பவர்களுக்குச் சிக்கல் இன்னும் கூடுதல். ஒரு இடத்தில் பெயரை இரண்டு முறை எழுதுவார்கள், இன்னொரு இடத்தில் கோடு போடுவார்கள். ஊரிலேயே பாஸ்போர்ட்டைத் திருத்த அவகாசம் இருந்தால் திருத்திக்கொண்டு வாருங்கள். இல்லையென்றால் முதல் அலுவலகத்தில் எப்படிப் பதிந்தார்களோ அதே வடிவத்தை எல்லா இடத்திலும் பிடித்துக்கொள்ளுங்கள்.

"அன்மெல்டுங்" என்கிறார்களே, அது என்ன?

குடியிருப்புப் பதிவு. வீட்டுக்குக் குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிய வேண்டும். ஹாலேயில் அது ஊரின் நடுச் சதுக்கமான மார்க்ட்பிளாட்ஸில் இருக்கிறது. நேரம் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்குள் நேரம் கிடைக்கவில்லையென்றால் பயப்பட வேண்டாம், முன்பதிவு செய்ததற்கான அத்தாட்சியை வைத்துக்கொண்டால் போதும், பொதுவாகக் கண்டுகொள்ள மாட்டார்கள்.

பாஸ்போர்ட், விசா, படிவம். இவற்றோடு வீட்டு உரிமையாளர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் வேண்டும்: "இன்னார் என் வீட்டில் இன்ன தேதியில் குடிவந்தார்." வாடகை ஒப்பந்தம் வேறு, இந்தத் தாள் வேறு. ஒப்பந்தத்தை மட்டும் எடுத்துப்போய்த் திரும்பி வந்தவர்கள் நிறைய. சாவி வாங்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

இன்னொரு விஷயம். படிவத்தில் மதம் பற்றி ஒரு கட்டம் இருக்கும். கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்று எழுதினால், பிறகு வேலைக்குப் போய் வருமான வரி கட்டும்போது அந்த வரியில் 9 சதவீதம் தேவாலய வரியாகக் கூடுதலாகப் போகும். கட்டுவதும் கட்டாததும் உங்கள் விருப்பம், ஆனால் தெரியாமல் எழுதிவிட்டு மூன்று வருடம் கழித்துச் சம்பளச் சீட்டைப் பார்த்து அதிராதீர்கள்.

இந்தப் பதிவுச் சான்றை வைத்துத்தான் மற்றதெல்லாம். பல வங்கிகள் இதைக் கேட்கும். குடியிருப்பு அனுமதிக்கு வெளிநாட்டினர் அலுவலகம் கேட்கும். வரி எண் தானாகவே தபாலில் வரும். தபாலில்தான், மறுபடியும் சொல்கிறேன்.

வந்து ஒரு மாதத்தில் ஏதோ ஒளிபரப்புக் கட்டணம் என்று கடிதம் வந்திருக்கிறது. மோசடியா?

இல்லை. பொது வானொலி, தொலைக்காட்சிக்கான கட்டணம். ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. வீட்டில் தொலைக்காட்சி இல்லையென்றாலும் கட்ட வேண்டும். ஆனால் தலைக்கு அல்ல, வீட்டுக்கு. கூட இருப்பவர் ஏற்கெனவே கட்டினால் அவருடைய எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதினால் முடிந்தது. நான் மோசடி என்று நினைத்து இரண்டு கடிதத்தைக் குப்பையில் போட்டேன். மூன்றாவது கடிதம் சற்றுக் கோபமாக வந்தது.

கையில் எவ்வளவு பணம் கொண்டுவர வேண்டும்? முடக்கக் கணக்கில்தான் மொத்தமும் போட்டுவிட்டேனே?

விசாவுக்காக ஒரு வருடச் செலவை முன்கூட்டியே போட்டுவைக்கும் கணக்குதான் முடக்கக் கணக்கு. அந்தத் தொகை 2024 செப்டம்பரிலிருந்து வருடத்துக்கு 11,904 யூரோ, மாதம் 992 என்று பிரித்துத் தருவார்கள். அந்த முதல் 992 கைக்கு வர, இங்கே ஒரு சாதாரண வங்கிக் கணக்கு வேண்டும். அது திறக்க நாளாகும். வீட்டு முன்பணமும் முதல் மாத வாடகையும் அதற்கு முன்பே கேட்பார்கள். அதனால் ஒன்றரை மாதச் செலவைத் தனியாக, பயண அட்டையிலோ ரொக்கமாகவோ வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சொன்னால் வீட்டில் "அவ்வளவு போட்டோமே, இன்னுமா?" என்பார்கள். இன்னும்தான்.

கல்விக் கட்டணம் கிடையாது, பருவத்துக்கு ஒருமுறை ஒரு பங்களிப்புத் தொகை உண்டு. மருத்துவக் காப்பீடு இல்லாமல் மாணவராகப் பதியவே முடியாது. 30 வயதுக்கு உட்பட்டவர்கள் பொதுக் காப்பீட்டிலேயே சேருங்கள். விசாவுக்காக எடுத்த மலிவான பயணக் காப்பீட்டை இங்கே யாரும் மதிக்க மாட்டார்கள்.

வீடு எங்கே பார்ப்பது? நாய்ஷ்டட் பக்கம் வேண்டாம் என்கிறார்களே?

மாணவர் விடுதிக்குச் சேர்க்கை வந்த அன்றே விண்ணப்பியுங்கள். கிடைக்கவில்லையென்றால் பகிர்வு வீடு. சாவி கையில் தராமல், வீட்டைக் காட்டாமல் பணம் கேட்டால் அனுப்பாதீர்கள். உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்லும் எல்லாக் கதையும் ஒரே கதைதான்.

நாய்ஷ்டட் என்பது நதிக்கு அக்கரையில், கிழக்கு ஜெர்மனி காலத்தில் 1964 முதல் வேதித் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய பகுதி. வரிசையாகக் கான்கிரீட் அடுக்குமாடிகள். அந்தக் காலத்தில் அங்கே தெருக்களுக்குப் பெயரே கிடையாது, கட்டடத் தொகுதிகளுக்கு எண் மட்டும்தான். முகவரி தேடி அலைந்த கதைகளை அங்கேயே இருக்கும் வயதானவர்கள் இன்னும் சொல்வார்கள். வாடகை குறைவு, டிராம் இருக்கிறது, லிஃப்ட்டும் இருக்கலாம். பழைய ஊருக்குள் இருந்தால் அழகு, ஆனால் நாலு மாடி மரப்படி ஏறி அரிசிமூட்டை தூக்க வேண்டும். எனக்கு அழகு போதும் என்று தோன்றியது, முழங்காலுக்குத் தோன்றவில்லை.

குக்கர் எடுத்து வரலாமா?

எடுத்து வாருங்கள், ஆனால் அடிப்பாகம் தட்டையாக, எஃகில் இருக்கட்டும். இங்கே எரிவாயு அடுப்பு அபூர்வம். இண்டக்‌ஷன் அடுப்பாக இருந்தால் அலுமினியக் குக்கர் சூடாகவே ஆகாது. முதல் விசில் அடிக்கும் முன் வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. கூட இருந்த பெண் குளியலறையிலிருந்து துண்டோடு ஓடி வந்தாள். இரவு பத்து மணிக்கு மேல் விசில் வேண்டவே வேண்டாம், அது அமைதி நேரம், கீழ்வீட்டுக்காரர் மேலே வருவார். தாளிக்கும்போது சன்னலைத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் புகை எச்சரிக்கை மணி கூவும்.

சாப்பாட்டுக்கு என்ன கிடைக்கும்?

பல்கலைக்கழக உணவகத்தை "மென்சா" என்பார்கள். மாணவர் அட்டையில் பணம் ஏற்றிக்கொண்டு போனால் மலிவாகச் சாப்பிடலாம், சைவமும் தினமும் உண்டு, உப்பும் காரமும்தான் இருக்காது. உப்பு விற்றுப் பணக்காரன் ஆன ஊர் அது.

கடையில்: தயிருக்கு "நாட்டூர்யோகுர்ட்" என்று போட்ட டப்பாவை எடுங்கள். பக்கத்திலேயே "குவார்க்" என்று இருக்கும். பார்க்கத் தயிர் மாதிரி, பிசைந்தால் சுண்ணாம்பு மாதிரி. முதல் தயிர்சாதத்தை அதில் பிசைந்து அழுதே விட்டேன். நெய்க்கு "புட்டர்ஷ்மால்ட்ஸ்" சரியான மாற்று. பொன்னி அரிசி, உளுந்து, புளி எல்லாம் லைப்சிக்கில் இந்தியக் கடைகளில் வாங்கலாம். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம்.

பாட்டில் வாங்கினால் கூடுதலாகப் பணம் பிடிக்கிறார்களே?

முன்பணம். பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் தகரக் குவளைக்கும் 25 சென்ட். காலியானதும் கடை வாசலில் இருக்கும் இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும், பில்லில் கழித்துக்கொள்வார்கள். நசுக்கிவிடாதீர்கள், இயந்திரம் வாங்காது. நிலத்தடி அறையில் மூன்று மாதப் பாட்டிலைச் சேர்த்து வைத்து, ஒருநாள் 11 யூரோ வந்தபோது எனக்குச் சம்பளம் வந்தது போல இருந்தது.

பத்து மணி வகுப்புக்கு ஒன்பது ஐம்பதுக்கே போனேன், யாருமே இல்லை. ரத்தா?

அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்தில் "சி.டி." என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பத்தேகாலுக்குத்தான் வகுப்பு. லத்தீனில் "நேரத்தோடு" என்று பொருள், பழைய பல்கலைக்கழக வழக்கம். "எஸ்.டி." என்றால் சரியாகப் பத்து. நானும் காலி அறையைப் பார்த்துவிட்டு வீட்டுக்கே போயிருக்கிறேன். வகுப்பு முடிந்ததும் எல்லோரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். அது கோபம் இல்லை, கைதட்டல்.

கணக்குப் படிக்க வருகிறவர்களுக்கு: முடிவிலிகளிலும் சிறிது பெரிது உண்டு என்று காட்டிய கேன்டர் 1869இலிருந்து இந்த ஊரில்தான் பாடம் நடத்தினார், 1918இல் இங்கேயே இறந்தார். மருத்துவம் படிக்க வரும் பெண்களுக்கு: டோரொதேயா எர்க்ஸ்லேபன் 1754இல் இங்கேதான் பட்டம் வாங்கினார், ஜெர்மனியில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண்.

ஜெர்மன் தெரியாமல் ஓட்ட முடியுமா?

வகுப்பில் முடியும். அலுவலகத்தில் கடினம். இது கிழக்கு ஜெர்மனியாக இருந்த பகுதி. ஐம்பது அறுபது வயதுக்காரர்கள் பள்ளியில் படித்தது ரஷ்ய மொழி, ஆங்கிலம் அல்ல. நம்மைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள் என்று நாம் நினைப்போம், பாதி நேரம் அது ஆங்கிலம் வராத கூச்சம். பிறந்த தேதி, தெருப் பெயர், உங்கள் பெயரின் எழுத்துகள், இவற்றை ஜெர்மனில் தடையில்லாமல் சொல்லப் பழகிவிட்டு வாருங்கள். முதல் மாதத்தில் கேட்கும் கேள்விகளில் முக்கால்வாசி இவைதான்.

குளிர்?

அக்டோபரில் தாங்கலாம். ஸ்வெட்டரைச் சென்னையில் வாங்காதீர்கள், இங்கேயே வாங்குங்கள். சூடேற்றியில் 3 என்ற இடத்தில் வைத்தால் ஏறக்குறைய 20 டிகிரி. தினம் இரண்டு முறை சன்னலை ஐந்து நிமிடம் அகலத் திறந்து மூடுங்கள், குளிருக்குப் பயந்து மூடியே வைத்தால் சுவரில் பூசணம் வரும், முன்பணத்தில் கழிப்பார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போகும். அதுவரை ஊருக்கும் இங்கும் மூன்றரை மணி வித்தியாசம், அதன்பின் நாலரை. அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பாதுகாப்பான ஊரா?

ஒன்றுமே நடக்காது என்று சத்தியம் செய்ய மாட்டேன். 2019 அக்டோபர் 9 அன்று இங்கே யூத ஜெபக்கூடத்தின் மீது ஒருவன் தாக்குதல் நடத்தினான். கதவு தாங்கியதால் உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள், வெளியே இரண்டு பேரைக் கொன்றான். ஊர் அதை மறக்கவில்லை. எனக்கு இரண்டு வருடத்தில் ஒருமுறை டிராமில் குடிகாரர் ஒருவர் கத்தினார், எதிர் இருக்கைப் பாட்டி எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார், இறங்கும்வரை ஒன்றும் பேசவில்லை. பின்னிரவில் தனியாகச் சுற்றாதீர்கள். காவல்துறை 110, ஆம்புலன்ஸும் தீயணைப்பும் 112.

முதல் வாரக் கடைசியில் ஊர் சுற்றிப் பார்க்க எங்கே போகலாம்?

மார்க்ட்பிளாட்ஸில் நின்றாலே ஐந்து கோபுரம் தெரியும். நான்கு தேவாலயத்துடையவை, ஐந்தாவது தனியே நிற்கும் சிவப்புக் கோபுரம், அதில் 76 மணிகள். நடுவே இசையமைப்பாளர் ஹேண்டலின் சிலை, அவர் 1685இல் பிறந்தது இங்கேதான். மாநில அருங்காட்சியகத்தில் நெப்ரா வான்தட்டு இருக்கிறது. சூரியனும் பிறையும் விண்மீன்களும் பதித்த வெண்கலத் தட்டு, சுமார் 3,600 வருடம் பழையது. ஞாயிறு மாலை என்றால் பைஸ்னிட்ஸ் தீவில் நடங்கள், காசு செலவில்லை.

தமிழ் சம்பந்தமாக ஊரில் ஏதாவது உண்டா?

உண்டு. எனக்கே போய்ச் சேர்ந்த நாலாம் மாதம்தான் தெரிந்தது, வெட்கமாக இருந்தது. டிராம் பாதைக்குப் பக்கத்தில் பிராங்கே அறநிலையம் இருக்கிறது, 1698இல் அனாதை இல்லமாகத் தொடங்கியது. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்க் இந்த ஊரில் படித்தவர். தமிழ் எழுத்துகளை அச்சுக்கு வார்த்துத் தரங்கம்பாடிக்கு அனுப்பியதும் இங்கிருந்துதான், 1713இல் அங்கே போய்ச் சேர்ந்தன. அவை பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகாமல், அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். 1714இல் சீகன்பால்க் ஐரோப்பாவுக்குத் திரும்பியபோது மலையப்பன் என்ற தமிழரும் கூட வந்தார். லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் இங்கே அச்சானது.

தரங்கம்பாடியிலிருந்து வந்த கடிதங்களை 1710 முதல் இங்கே புத்தகமாகவே அச்சிட்டார்கள். கப்பலில் மாதக்கணக்கில் ஆடி அசைந்து வந்த கடிதம் சரியாக வந்து சேர்ந்திருக்கிறது, என் ரகசிய எண் அடுத்த தெரு வங்கியிலிருந்து வரவில்லை.

ஆவணக்காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. மேல்மாடியில் விந்தைப்பொருள் அறை என்று ஒன்று, தென்னிந்தியாவிலிருந்து அனுப்பிய பொருட்கள் கண்ணாடி அலமாரிகளில் அடுக்கியிருக்கும், கூரையிலிருந்து முதலை ஒன்று தொங்கும். மாணவர் அட்டை எடுத்துப் போங்கள், சலுகை உண்டு. திங்கட்கிழமை போகாதீர்கள், பூட்டியிருக்கும்.